செத்த செல்லை எழுப்பாதீங்க சாமி!

ஸ்ரீவராகத்தில் நம்மாட்கள் சிலருக்குப் புதுப் பைத்தியம். பழைய லேப்டாப் பேட்டரியை உடைத்து, 18650 செல்களைப் பொறுக்கி, சொந்தமாக பேட்டரி கட்டுகிறார்கள். கட்டட்டும், நல்ல வேலைதான். ஆனால் ஒரு வோல்ட்டுக்கும் கீழே போன செல்லை, நல்ல செல்லோடு கோத்துத் தட்டி எழுப்புகிறார்களே, அதுதான் அநியாயம்.

வங்கிக்காரன் பாஷையில் சொன்னால், வாராக்கடனை மறைக்கப் புதுக்கடன் கொடுக்கிற கதை. மீட்டர் 3.7 காட்டும், கணக்கு சுத்தமாகத் தெரியும். உள்ளே? அவ்வளவு இறங்கிய செல்லில் செம்புத் தகடு கரைந்திருக்கும். திரும்ப சார்ஜ் ஏற்றினால் அந்தச் செம்பு கண்ட இடத்தில் படிந்து, உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம். இன்றைக்கே ஆகாது. என்றைக்கோ ஒரு ராத்திரி...

"மெதுவா ஏத்தினா ஒண்ணும் ஆகாது சார்" என்கிறார்கள். 2.5 வோல்ட்டுக்குச் சற்றே கீழே போன செல்லுக்கு அது சரி. கரைந்த செம்பு மெதுவாக ஏற்றினாலும் தகட்டுக்குத் திரும்பாது.

2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜ் போட்ட மின்ஸ்கூட்டர் எரிந்து தகப்பனும் மகளும் புகையில் மாண்டார்கள். அது கம்பெனி தயாரிப்பு. நாம் கட்டியதற்கு யார் ஜாமீன்? குடியிருப்பது வாடகை வீடு, மாடியில் வேறு குடும்பம்.

ஒரு செல் சில நூறு ரூபாய். முனைகளில் டேப் ஒட்டி மின்கழிவு எடுப்பவரிடம் கொடுத்துவிட்டு, நஷ்டக் கணக்கில் எழுதுங்கள். உயிரை அப்படி எழுத முடியாது.