மெத்தென்றிருந்தால் போதுமா?

விளையாட்டுக் காலணி வாங்கப் போனால் நம்மில் பலர் நிறத்தைப் பார்க்கிறோம்; உள்ளே கட்டைவிரலால் அழுத்தி, "மெத்தென்று இருக்கிறதம்மா!" என்கிறோம். இந்தச் சோதனை போதாது என்பதே என் கருத்து.

ஓட்டக் காலணியில் தரையைத் தொடும் அடிப்பாகத்துக்கும் பாதம் படியும் உள் அட்டைக்கும் நடுவே ஓர் அடுக்கு உண்டு. இன்று அது பெரும்பாலும் ஈ.வி.ஏ. என்னும் நுரைப்பொருள். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு, மூன்று மடங்கு விசை பாதத்தைத் தாக்குகிறது. அதை வாங்கிக்கொள்ளும் அடுக்கு அமுங்கவும் வேண்டும், உடனே எழவும் வேண்டும். மாமல்லபுரம் கடற்கரையின் உலர்ந்த மணலில் ஓடியவர்களைக் கேளுங்கள். மணலைவிட மெத்தை ஏது? ஆயினும் சற்று தூரத்திலேயே மூச்சு வாங்கிவிடும். அமுங்கிய மணல் காலைத் திருப்பித் தள்ளுவதில்லை அல்லவா?

செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1924இல் தொழுநோய் மருத்துவமனையாகத் தொடங்கி, 1955இல் மத்திய அரசின் பொறுப்புக்கு வந்த ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தொழுநோயால் நரம்பு கெட்டவர்களுக்குப் பாதத்தில் வலி தெரியாது. ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் விழும் அழுத்தமே அவர்கள் காலில் புண்ணாகிறது என்பதை, 1946இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் எடுத்துக்காட்டினார். அத்தகையோருக்கு எம்.சி.ஆர். எனப்படும் நுண்குமிழ் ரப்பரில் செருப்பு செய்கிறார்கள். அதன் கடினம் ஷோர் அளவில் ஏறத்தாழ 15 பாகை. கடினம் கூடினால் புண் வரும். குறைந்தால் எடை தாங்காமல் தட்டையாகிவிடும். முள் ஏறாதிருக்க அடியில் கெட்டியான ரப்பர் உண்டு. ஆணி மட்டும் கூடவே கூடாது! கருவி இல்லாத இடத்தில் அவர்களும் விரல்களால்தான் அழுத்திப் பார்க்கிறார்கள். ஆனால் பாதிக் கனத்துக்கு அமுங்க வேண்டும் என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள்.

வலி தெரியாதவர்களுக்கு இத்தனை கவனம். வலி தெரிந்த நாமோ, முழங்கால் வலித்தாலும் "இன்னும் கிழியவில்லையே" என்று சென்ற ஆண்டுக் காலணியையே மாட்டிக்கொள்கிறோம். மேல்துணி கிழியாமலே நடு அடுக்கு சோர்ந்துபோகும். ஆய்வுக்கூடத்தில் நுரைத்துண்டைப் பல மணி நேரம் அழுத்திவைத்து, விட்டபின் எவ்வளவு கனம் திரும்பவில்லை என்று அளக்கிறார்கள். எஃகுக் குண்டைப் போட்டு, எவ்வளவு உயரம் எழும்புகிறது என்றும் பார்க்கிறார்கள்.

விலை உயர்ந்ததை வாங்கித் தாருங்கள் என்று பெற்றோரிடம் நான் கேட்கவில்லை. காலணி வெள்ளையாக இருக்க வேண்டும் என்று சொல்லும் பள்ளிகள், அதன் நடு அடுக்கைப் பற்றியும் ஒரு வரி சேர்க்கலாம். புதிதாக வாங்கியதும் குதிகால் பக்கத்துக் கனத்தை அளந்து எழுதிவைத்து, பருவந்தோறும் மீண்டும் அளந்து பார்த்தால், ஒரு வகுப்புக்கு ஒரு பாடவேளைகூட ஆகாது.