கதவுத் தகடும் கிடைத்த அறிவுரைகளும்

போன ஞாயிற்றுக்கிழமை என் மாருதி 800-இன் ஓட்டுநர் பக்கக் கதவைக் கழற்றி, வெளித்தகட்டை உரித்து, புதுத் தகடு ஒட்டிய படத்தைப் போட்டிருந்தேன். வந்த பின்னூட்டங்களைப் பொறுமையாகப் படித்தேன். வாழ்த்தியவர்களுக்கு நன்றி. மற்றவர்கள் மூன்று வகை. "சார், இந்த வயசுல எதுக்கு சார்?" என்றவர்கள் முதல் வகை. "முழுக் கதவை மாத்தணும், பசை போட்டு ஒட்டினா கழண்டு விழும்" என்றவர்கள் இரண்டாம் வகை. மூன்றாவது, என்னிடம் பத்தாம் வகுப்பு படித்து இப்போது கார் விற்பனையில் இருக்கும் ஒரு தம்பி. "ஸ்கிராப்புக்குப் போட்டுட்டுப் புதுசு எடுங்க சார், எக்ஸ்சேஞ்ச்ல நானே பார்த்துத் தரேன்" என்று எழுதியிருக்கிறான். அவனுக்கு என் மேல் பாசம் உண்டு. அதனால்தான் விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

முதலில் இந்த நிலைக்கு எப்படி வந்தேன் என்று சொல்கிறேன். வண்டி 1998 மாடல். ஆறு வருடத்துக்கு முன் கதவின் அடிப்பகுதியில் பெயிண்ட் கொப்பளித்தது. ஒரு பட்டறையில் விட்டேன். தேய்த்து, பட்டி வைத்து, பெயிண்ட் அடித்துப் பளபளவென்று கொடுத்தார்கள். இரண்டு மழைக்காலம் தாங்கியது. மறுபடி கொப்பளம், மறுபடி பட்டி, மறுபடி பில். மூன்றாவது முறை நானே உள்பக்க அட்டையைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. கண்ணாடி ஓர ரப்பர் வழியே மழைத்தண்ணீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். அது வெளியேறக் கதவின் அடியில் சிறு துளைகள் வைத்திருப்பார்கள். அந்தத் துளைகளைத்தான் பட்டியால் அடைத்திருந்தார்கள்! உள்ளே தண்ணீர் தேங்கி, மண்ணும் சருகும் ஊறி, தகடு உள்ளிருந்து வெளியே அரித்துக்கொண்டு வந்திருக்கிறது. வெளியே எவ்வளவு அழகாகப் பெயிண்ட் அடித்தாலும் உள்ளே நடப்பது நடந்துகொண்டேதான் இருக்கும். இரண்டு முறை காசு கொடுத்து என் கதவை நானே அழித்திருக்கிறேன். எனவே "தெரிஞ்சவங்ககிட்ட விடுங்க சார்" என்று சொல்பவர்கள், தெரிந்தவர் யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இப்போது பசைக்கு வருகிறேன். முப்பத்தொரு வருடம் வேதியியல் நடத்தியவனிடம் "பசையா?" என்று சிரிப்பு ஸ்மைலி போடுகிறார்கள். கார்க் கதவு என்பது ஒரே துண்டு அல்ல. உள்ளே ஒரு சட்டம், வெளியே ஒரு மெல்லிய தகடு. வெளித்தகட்டின் ஓரத்தைச் சட்டத்தின் விளிம்பைச் சுற்றி மடித்து அமுக்கியிருப்பார்கள். நாம் புத்தகத்துக்கு அட்டை போட்டு ஓரம் மடிப்போமே, அதே மாதிரி. அந்த மடிப்புக்குள் பசையோ சீலன்டோ இருக்கும், சில இடங்களில் ஸ்பாட் வெல்டிங்கும் இருக்கும். ஒட்டுவது என்பது நான் கண்டுபிடித்த குறுக்கு வழி இல்லை, தொழிற்சாலையே செய்வது.

கழண்டு விழாதா என்றால், ஒரு ஸ்டிக்கர் பொட்டைக் கண்ணாடியில் ஒட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் தள்ளினால் நகராது. நகத்தால் ஓரத்தைக் கிளப்பினால் உடனே வந்துவிடும். எல்லாப் பசைக்கும் இதுதான் குணம்: சறுக்கு விசையைத் தாங்கும், உரிக்கும் விசைக்குத் தோற்கும். கதவின் மடிப்பு செய்யும் வேலையே யாரும் ஓரத்தைக் கிளப்ப முடியாமல் காவல் காப்பதுதான். மடிப்பும் பசையும் சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று தாங்கும். மடிக்காமல் மேலே ஒட்டிவிட்டுப் போனால் கழண்டுதான் விழும். அப்போது குற்றம் பசையின் மேல் இல்லை.

சுலபமான வேலை என்று நான் சொல்லவே இல்லை. மடிப்பின் விளிம்பை மட்டும் கிரைண்டரால் தேய்த்து அறுக்க ஒரு முழுநாள் போனது. கொஞ்சம் அழுத்தினால் உள்சட்டமும் சேர்ந்து போய்விடும். துருவை வெள்ளை இரும்பு தெரியும்வரை எடுக்க இன்னொரு நாள். பெயிண்டின் மேல் ஒட்டினால் பசை பெயிண்டைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும், இரும்பை அல்ல. ரெசினும் ஹார்டனரும் சொன்ன விகிதத்தில் கலக்க வேண்டும். "ஹார்டனர் கூடப் போட்டா சீக்கிரம் இறுகும்" என்று ஒருவர் எழுதியிருந்தார். எபாக்ஸியில் ஹார்டனர் என்பது வினையூக்கி இல்லை ஐயா, வினைபடுபொருள். கூடினாலும் கெடும், குறைந்தாலும் கெடும். கையுறை இல்லாமல் தொட்டால் தோல் ஒவ்வாமை வேறு. கண்ணாடியையும் உள் அட்டையையும் கழற்றாமல் கிரைண்டரை எடுக்கவே கூடாது.

நான் கிட்டத்தட்டக் கோட்டை விட்ட இடத்தையும் சொல்லிவிடுகிறேன். தகடு இல்லாத வெறும் சட்டம் முறுக்கிக்கொள்ளும். மேசையில் வைத்தே ஒட்டி, கிளாம்ப் போட்டு, நிம்மதியாகக் காபி குடிக்கப் போக இருந்தேன். பக்கத்துத் தெரு டிங்கர் பாய் வந்து பார்த்து, "சார், பசை இறுகறதுக்குள்ள வண்டியில மாட்டி மூடிப் பாருங்க" என்றார். மாட்டினால் பின் ஓரத்தில் ஒரு விரல் இடைவெளி! இறுகியிருந்தால் அந்தக் கோணல் ஆயுளுக்கும் அப்படியே நின்றிருக்கும். கீலில் தொங்கவிட்டே நேராக்கி, கொட்டாப்புளியால் ஓரத்தை இரண்டு மூன்று சுற்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக மடித்து, ஒரு நாள் முழுக்கக் கதவைத் தொடாமல் விட்டோம்.

"நீங்களே செஞ்சா டிங்கர் பொழப்பு என்னாவது?" என்று கேட்டவருக்கு இந்த பாய்தான் பதில். ஒட்டியது நான். சொல்லிக்கொடுத்ததும் பெயிண்ட் அடித்ததும் அவர், கூலியும் வாங்கிக்கொண்டார். அவர் பிழைப்பைக் கெடுப்பது நான் இல்லை. "ரிப்பேர் பண்ணாதே, மொத்தமா மாத்து" என்கிற உங்கள் வாக்கியம்தான் கெடுக்கிறது. கதவையே மாற்றுகிற ஊரில் கொட்டாப்புளிக்கு என்ன வேலை?

ஒன்று மட்டும். என் படத்தைப் பார்த்து உற்சாகமான இரண்டு பிள்ளைகள் "நானும் ரூஃபை இப்படியே ஒட்டிடறேன் சார்" என்று எழுதியிருக்கிறார்கள். கூடாது. கதவின் வெளித்தோல் வேறு, கூரையும் தூணும் அடிச்சட்டமும் வேறு. மோதலில் விசையைத் தாங்கி ஆளைக் காப்பவை இவை. அமெரிக்காவில் டல்லாஸில் 2017-இல் ஒரு தீர்ப்பு வந்தது. தயாரிப்பாளர் வெல்டிங் செய்யச் சொன்ன கூரையைப் பட்டறை ஒன்று பசையால் ஒட்டியிருக்கிறது. அந்த 2010 மாடல் ஹோண்டா ஃபிட்டைப் பழையதாக வாங்கிய தம்பதி விபத்தில் சிக்கிக் கடுமையாகக் காயப்பட்டார்கள். பட்டறை 3 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று நடுவர் குழு சொன்னது. கவனியுங்கள், ஒட்டியது தொழில்முறைப் பட்டறை. வீட்டுக்காரரா, தொழில்காரரா என்பது அல்ல கேள்வி. எந்தப் பாகம், அதைச் செய்தவர் என்ன முறை சொல்லியிருக்கிறார், அதைப் படித்தோமா என்பதுதான். யூடியூபில் பன்னிரண்டு நிமிடம் பார்த்துவிட்டுத் தூணில் கை வைப்பவனும், துளையைப் பட்டியால் அடைத்த அந்தப் பட்டறையும் எனக்கு ஒன்றுதான்.

கடைசியாக ஸ்கிராப் தம்பிக்கு. பதினைந்து வருடம் முடிந்த சொந்தக் காரை, தகுதிச் சோதனையில் தேறினால் ஐந்தைந்து வருடமாக நீட்டித்துக்கொள்ள நம் ஊரில் சட்டமே இடம் தருகிறது. 600 ரூபாயாக இருந்த மறுபதிவுக் கட்டணத்தை 2022 ஏப்ரலில் 5,000 ஆக்கினார்கள். அதையும் கட்டிவிட்டேன். பிரேக், புகை, விளக்கு எல்லாம் தேறிய வண்டி ஒரு கதவின் தோல் அரித்ததற்காகச் சாக வேண்டுமா? என் மனைவியை டயாலிசிஸுக்கு வாரம் இரண்டு முறை கூட்டிப் போவது இந்த வண்டியில்தான். சீட்டின் உயரம் அவளுக்குப் பழகிவிட்டது. புது வண்டியின் தவணையை என் பென்ஷனில் கழித்துவிட்டு மருந்துக்கு எங்கே போவது என்று உன் எக்ஸ்சேஞ்ச் ஆஃபரில் எழுதவில்லையே தம்பி?

வருகிற ஞாயிறு இடதுபக்கக் கதவின் துளைகளைக் குத்தித் திறக்கப் போகிறேன். சந்தேகம் உள்ளவர்கள் காலை எட்டு மணிக்கு மேல் வீட்டுக்கு வரலாம், ஒட்டிய ஓரத்தை நகத்தால் கிளப்பிப் பார்க்கலாம். ஸ்கிராப் தம்பி அவசியம் வரவும். டார்ச் பிடிக்க ஓர் ஆள் வேண்டும்.