மினுக்கத்துக்கு அல்ல, சான்றுக்கே விலை

2020 ஜனவரி 10ஆம் திகதி அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் நடந்த ஏலமொன்றில், 1968ஆம் ஆண்டின் போர்ட் மஸ்டாங் கார் ஒன்று 3.4 மில்லியன் டொலருக்கு விற்பனையானது. கட்டணங்களையும் சேர்த்தால் 3.74 மில்லியன். பெயின்ற் மங்கி, துருப்பிடித்த நிலையிலேயே அது மேடைக்கு வந்தது. ‘புல்லிட்’ திரைப்படத்தில் ஸ்டீவ் மக்குயின் ஓட்டிய கார் அது. 1974இல் 6,000 டொலருக்கு வாங்கிய குடும்பம் அதை அன்றாடப் பாவனைக்கே வைத்திருந்தது. 1977இல் மக்குயினே கடிதம் எழுதிக் கேட்டும் கொடுக்கவில்லை.

‘மசில் கார்’ என்பது நடுத்தர அளவுக் காரில் பெரிய வி8 எஞ்சினைப் பூட்டி, இளைஞர்களுக்குக் கட்டுப்படியான விலையில் விற்ற வாகனம். 1964இல் வந்த பொன்ரியாக் ஜி.ரி.ஓ. அந்த அலையைத் தொடக்கியது. 1970இன் தூய காற்றுச் சட்டம், ஏறிய காப்புறுதிக் கட்டணம், 1973 எண்ணெய் நெருக்கடி ஆகியவை அதை முடித்து வைத்தன. அன்றைய இளைஞர்கள் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். கார்கள் கைமாறும் காலம் இது.

முழுமையாகப் புதுப்பித்த ஒன்றை விற்பவருக்குத்தான் சிக்கல் அதிகம். ரிங்கரிங், பெயின்ற், எஞ்சின் வேலை, குஷன் வேலை என்று கொட்டிய பணம் பல வேளைகளில் திரும்பி வருவதில்லை. வாங்குபவர் முதலில் பார்ப்பது மினுக்கத்தை அல்ல. எஞ்சினில் பொறித்த இலக்கம் வாகன இலக்கத்தோடு பொருந்துகிறதா என்பதையே. சாதாரண மொடல் ஒன்றை, எஞ்சினையும் பெயர்த்தகட்டையும் மாற்றி அரிய மொடலாக்க முடியும் என்பதே காரணம். ஆசனத்தின் அடியில் கிடைக்கும் தொழிற்சாலைத் தாள்கூட விலையை உயர்த்தும். கவனமின்றித் தேய்த்துப் பூசினால் அழிவது பழைய பெயின்ற் மட்டுமல்ல, சான்றும்தான்.

பழைய காரின் அருமை வடக்குக்குப் புதிதல்ல. பொருளாதாரத் தடைக்காலத்தில் ஒஸ்ரினும் மொரிஸும் மண்ணெண்ணெயில் ஓடின. 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் திறக்கப்படும்வரை, நாடு முழுவதுமே இருந்த வாகனத்தைத் திருத்தித்தான் ஓடியது.

ஆனால் எங்களிடம் சான்று வேறு விதமாகத் தொலைந்தது. 2009இல் முள்ளிவாய்க்கால் கரையோரம் துருப்பிடித்துக் குவிந்து கிடந்த வாகனங்களின் படங்களைப் பார்த்திருக்கிறோம். அவை ஒவ்வொன்றிலும் ஒரு செசி இலக்கம் இருந்தது. அந்த இலக்கத்துக்குப் பின்னால் ஒரு குடும்பம், அது கடைசியாகப் பயணித்த பாதை. உரிமையைக் காட்டப் பதிவுப் புத்தகம் வேண்டும். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து ஓடியவர்களில் எத்தனை பேரிடம் அது எஞ்சியிருந்தது? பழைய இரும்பாகிப் போன வாகனத்தோடு அதன் இலக்கமும் உருகிப் போனது.

ஒரு சினிமாக் காரின் இலக்கத்துக்குச் சந்தை மில்லியன்கள் கொடுக்கிறது. கையில் மிஞ்சியிருக்கும் பழைய பதிவுப் புத்தகம், காப்புறுதித் துண்டு, வாகனத்தோடு எடுத்த ஒரு படம் ஆகியவற்றை எறியாமல் வைத்திருப்பது எங்களுக்கு வியாபாரம் அல்ல. எங்களிடம் இன்னது இருந்தது, இன்ன இடத்தில் இழந்தோம் என்று சொல்ல எஞ்சியிருக்கும் சாட்சியம் அது.