கார் ஸ்டீரியோ இரைச்சலுக்கு ஃபில்டர் மருந்தல்ல

ராணிப்பேட்டையிலிருந்து வேலூர், ஆம்பூர் வழியாக வாணியம்பாடி வரை நெடுஞ்சாலையில் ஓடும் கார்களிலும், காலணித் தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் வேன்களிலும், வெளியில் வாங்கிப் பொருத்திய ஸ்டீரியோவும் ஆம்ப்ளிஃபயரும் இன்று சாதாரணம். அவற்றோடு ஒரு தொல்லையும் சேர்ந்தே வருகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பாட்டுக்குப் பின்னால் ‘ஙொய்’யென்ற சத்தம் ஏறும், காலை எடுத்தால் இறங்கும். இதற்கு நாய்ஸ் ஃபில்டர் வாங்கி மாட்டுவது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் குறை இருப்பது ஒயரிங்கில்தான்; அதைச் சரிசெய்து தருவது கடையின் பொறுப்பு.

அந்தச் சத்தமே இதற்குச் சாட்சி. ஆல்டர்னேட்டர் உண்டாக்கும் மாறுமின்சாரத்தை டையோடுகள் நேர்மின்சாரமாக்கினாலும் சிறு அலைவு மிஞ்சுகிறது. இன்ஜின் வேகமெடுக்க, அலைவும் வேகமெடுக்கும். சத்தம் கீச்சிடுவது அதனால்தான். அது பாட்டுக்குள் நுழையும் வழி, பெரும்பாலும் எர்த். ஸ்டீரியோவுக்கு டாஷ்போர்டில் ஓர் எர்த், டிக்கியில் உள்ள ஆம்புக்கு இன்னொன்று. ஆம்பின் எர்த்தைப் பெயின்ட் மேலேயே முடுக்கிவிட்டால் இரண்டு இடங்களுக்கும் மின்னழுத்தம் சற்றே வேறுபடும். அந்த வேறுபாடு, ஸ்டீரியோவின் சிக்னலை ஆம்புக்குக் கொண்டுசெல்லும் ஆர்சிஏ கேபிள் வழியே உள்ளே புகுந்து பெருகி ஸ்பீக்கரில் ஒலிக்கும். ஆம்பில் ஆர்சிஏவைக் கழற்றிப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். சத்தம் நின்றால் அது சிக்னல் வழியே வருகிறது. நிற்காவிட்டால் ஆம்பையும் அதற்குப் பிறகான ஒயர்களையும் பார்க்க வேண்டும். உலோகம் பளிச்சென்று தெரியும்வரை பெயின்ட்டைச் சுரண்டி, தடித்த குட்டை ஒயரை போல்ட்டில் இறுக்கி, பவர் ஒயரை ஒரு பக்கமும் ஆர்சிஏவை மறுபக்கமும் கொண்டுபோனால் பெரும்பாலான வண்டிகளில் இரைச்சல் அடங்கிவிடும்.

ஃபில்டர் போட்டால் சத்தம் குறைகிறதே என்பார்கள். குறையலாம். ஆனால் மலிவான ஃபில்டர்கள் பேஸையும் சேர்த்துக் குறைக்கின்றன; எர்த் தளர்வாகவே கிடக்கிறது. பச்சைத் தோலின் காயத்தை மேற்பூச்சால் மறைத்தாலும் ஷூவாகி மடங்கும்போது அது வெளிப்படும் என்பது இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எல்லா எர்த்தையும் சரிபார்த்த பிறகும் சத்தம் நிற்காத வண்டிகளில் ஃபில்டர் பயன்படும். அது கடைசிக் கட்டம். பேரம் பேசும் வாடிக்கையாளருக்கு இவ்வளவு வேலை செய்வது கடைக்குக் கட்டுப்படியாகாது என்ற வாதத்திலும் நியாயம் உண்டு. ஆனால் மேட்டையும் சீட்டையும் ஏற்கெனவே கழற்றிவிட்ட நிலையில் பெயின்ட் சுரண்டச் சில நிமிடங்களே ஆகும். தவிர, எர்த்தில் காட்டும் அவசரம் ஃபியூஸிலும் காட்டப்படலாம். பேட்டரியிலிருந்து வரும் பவர் ஒயரில் முதல் 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இல்லாவிட்டால், அந்த ஒயர் எங்காவது உரசிப் பாடியைத் தொட்டதும் தீப்பிடிக்கலாம். கெடுவது பாட்டு மட்டுமல்ல.

ஆகவே, கூலியைத் தனியாகப் பேசிக் கொடுங்கள். எர்த் எங்கே, ஃபியூஸ் எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். இன்ஜினை ரேஸ் செய்து, பாட்டை நிறுத்தி, ஸ்பீக்கரைக் கேட்டுப் பார்த்த பிறகே பணத்தை எண்ணிக் கொடுங்கள்.