அத்திப்பட்டி கேட்கும் கேள்வி

சினிமா பொழுதுபோக்குக்குத்தான் என்பார்கள் சிலர். அப்படியானால், 1981-ல் வந்த ஒரு படம் இன்றும் நம் குழாயடியில் நின்று கேள்வி கேட்பது ஏன்?

கே. பாலச்சந்தரின் ‘தண்ணீர் தண்ணீர்’ படத்தைத்தான் சொல்கிறோம். கோமல் சுவாமிநாதனின் மேடை நாடகம் திரைக்கு வந்து, சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. மனுக் கொடுத்தே அலுத்துப்போன வறண்ட கிராமம் அத்திப்பட்டி. தலைமறைவாக வந்த வெள்ளைச்சாமி, தொலைவிலுள்ள சுனையிலிருந்து மாட்டுவண்டியில் தண்ணீர் கொண்டுவருகிறான். பிறகு ஊரே மண்வெட்டி பிடித்துக் கால்வாய் வெட்டுகிறது. சட்டம் பேசி அதிகாரம் குறுக்கே நிற்கிறது. போலீஸ்காரனுக்கு வாழ்க்கைப்பட்ட செவந்தி ஊர்ப்பக்கம் நிற்கிறாள். ஆனாலும் ஊர் தோற்கிறது.

தோற்ற படத்தில் என்ன லட்சியம் என்று கேட்கலாம். தலைவர் வந்து வரம் தருவார் என்று காத்திராமல், ஜனங்கள் கூடிக் கால்வாய் வெட்டினார்களே, அதுதான் லட்சியம்! தண்ணீர் பிச்சையல்ல, உரிமை என்று அவர்கள் உணர்ந்த இடம் அது.

அப்படிப்பட்ட வறண்ட ஊர்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! எலெக்ட்ரானிக் சிட்டி மட்டும் எப்படி இருக்கிறது? கோனப்பன அக்ரஹாரம், தொட்டதொகூரு கிராமங்களின் நிலத்தில் 1978-ல் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் தொடங்கிய பேட்டை இது. உலகத்துக்கே கம்ப்யூட்டர் வேலை செய்து கொடுக்கிறது. அதைக் கட்டியவர்களும் கூட்டிப் பெருக்குகிறவர்களும் குடத்தோடு காத்திருக்கிறார்கள். 2024 மார்ச் தட்டுப்பாட்டில், 5 கிலோமீட்டருக்குள் 12,000 லிட்டர் லாரித் தண்ணீருக்கு 1,000 ரூபாய் என்று மாவட்ட நிர்வாகமே விலை கட்ட வேண்டியிருந்தது. மாட்டுவண்டி போய் லாரி வந்தது, தாகம் போகவில்லை.

தண்ணீரின் பேரால் 1991-ல் நம்மவர்கள் இந்த நகரத்தில் பட்ட அடியை மறக்கவில்லை. ஆனால் குழாயடியில் கன்னடக் குடம், தமிழ்க் குடம் என்று இரண்டு இல்லை. பக்கத்து வீட்டுக் கன்னடத் தொழிலாளியையும் சேர்த்துக்கொண்டுதான் நாம் கேட்க வேண்டும்.

கேட்பதற்கு வாக்கும் வேண்டும். ஓட்டு ஊரில், உழைப்பு இங்கே என்றிருந்தால் எந்த வேட்பாளர் நம் தெருவுக்கு வருவார்? இங்கேயே குடியிருப்பவர்கள் படிவம் 8 கொடுத்து வாக்காளர் பெயரை இவ்விடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். புதிதாகச் சேருவோருக்குப் படிவம் 6.

நண்பர்களே! இந்தப் படத்தைக் குடும்பத்தோடு பாருங்கள். பார்த்தபின் தெருவாகக் கூடிப் பேசுங்கள். அத்திப்பட்டி ஜனங்களுக்குப் போக வேறு ஊர் இருந்தது. நாம் இங்கிருந்து எங்கே போவது?