57 அல்ல, அந்தக் கடன் நோட்டு!

தொழிலதிபர்களின் வாழ்க்கைக் கதையை நம்மிடம் எப்படி விற்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? ஏழைப் பையன். கடும் உழைப்பு. பளிச்சென்று ஒரு ஐடியா. அப்புறம் கோடி கோடியாகப் பணம். சுபம்! நாமும் 'அடேங்கப்பா' என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுகிறோம்.

இந்த மாதிரிக் கதைகளில் அடிக்கடி மாட்டுகிறவர் ஹென்றி ஜான் ஹைன்ஸ். தக்காளி சாஸ் பாட்டிலில் இருக்கிற அதே ஹைன்ஸ்தான். 2019-ல் கைமாறும் வரை நம் ஊர் காம்ப்ளானும் அந்தக் கம்பெனியுடையதாகத்தான் இருந்தது.

அவரைப் பற்றி எல்லோரும் சொல்கிற கதை '57'. 1896-ல் நியூயார்க் ரயிலில் போகும்போது '21 ரக ஷூக்கள்' என்று ஒரு விளம்பரம் பார்த்தார். உடனே '57 வகைகள்' என்று தன் சரக்குக்கு ஒரு கோஷம் பிடித்தார். அப்போதே அவரிடம் 60 வகைக்கு மேல் இருந்தது. இருந்தாலும் 57 என்ற எண்ணின் ஓசை அவருக்குப் பிடித்துவிட்டது. 'என்ன ஒரு மார்க்கெட்டிங் மூளை!' என்று தன்னம்பிக்கைப் புத்தகங்கள் உருகுகின்றன.

உருகட்டும். ஆனால், கணக்குப்படி தப்பான ஒரு எண்ணைத் தந்திரமாக விற்றதுதான் அந்த மனிதரின் பெருமையா? இல்லவே இல்லை. பெருமை, அதற்கு 21 வருஷம் முன்னால் இருக்கிறது. அதைத்தான் யாரும் சொல்ல மாட்டேனென்கிறார்கள்.

ஹைன்ஸின் அப்பா ஜெர்மனியில் கால்ஸ்டாட் என்ற சின்ன கிராமத்திலிருந்து பிழைப்புத் தேடி அமெரிக்கா வந்தவர். பிட்ஸ்பர்க் பக்கத்தில் ஷார்ப்ஸ்பர்க்கில் செங்கல் தொழில். 1844-ல் பிறந்த மூத்த பையன், அம்மாவின் தோட்டத்துக் காய்கறியைச் சின்ன வயசிலேயே வீடு வீடாக விற்றான். 1869-ல் ஒரு கூட்டாளியோடு சேர்ந்து, ஹார்ஸ்ராடிஷ் என்கிற காரக் கிழங்கைத் துருவி, வினிகரில் போட்டு பாட்டிலில் அடைத்தார். மற்றவர்கள் பச்சை, பிரவுன் பாட்டிலில் அடைத்துக்கொண்டிருந்தார்கள். ஏன்? உள்ளே கலந்திருக்கும் டர்னிப் துருவல் வெளியே தெரியக் கூடாதே! ஹைன்ஸ் நிறமில்லாத கண்ணாடி பாட்டிலில் போட்டார். 'பார்த்துட்டு வாங்குங்க!'

சரி, நல்லது ஜெயித்தது என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை. 1873-ல் அமெரிக்காவில் பணச் சந்தையே சரிந்தது. 1875-ல் விளைகிற வெள்ளரிக்காய் மொத்தத்தையும் ஒரே விலைக்கு எடுத்துக்கொள்வதாக விவசாயிகளிடம் ஹைன்ஸ் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வருஷம் பார்த்து விளைச்சல் கொட்டோ கொட்டென்று கொட்டியது. வாங்கப் பணம் இல்லை. கம்பெனி திவால். அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பரிசு வாங்கக்கூட வீட்டில் காசில்லை.

1876-ல் தம்பியும் ஒன்றுவிட்ட சகோதரரும் சேர்ந்து புதுக் கம்பெனி ஆரம்பித்தார்கள். திவாலானவர் என்பதால் ஹைன்ஸ் அதில் முதலாளி இல்லை, சம்பளக்காரர். இங்கேதான் கவனிக்க வேண்டும். பழைய கடன் அவர் தலையில் இல்லை. சட்டம் அவரை விட்டுவிட்டது. ஆனால், அவர் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் போட்டு, அதற்கு 'தார்மிகக் கடன்கள்' என்று பெயர் வைத்து, யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று எழுதினார். சம்பாதிக்கச் சம்பாதிக்க அடைத்தார்.

'அட போங்க சார், பேரைக் காப்பாத்தினாத்தான் மறுபடி சரக்குக் கொடுப்பான்னு கணக்குப் போட்டிருப்பார்' என்று நீங்கள் சொல்லலாம். இருக்கட்டுமே! அப்படிப்பட்ட கணக்கையாவது நம்மவர்கள் போடட்டும் என்கிறேன்.

ஒரு வேடிக்கை பாருங்கள். அதே கால்ஸ்டாட்டிலிருந்து 1885-ல் இன்னொரு பையனும் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினான். டொனால்ட் ட்ரம்ப்பின் தாத்தா! பேரனின் சூதாட்ட விடுதி, ஹோட்டல் கம்பெனிகள் 1991-க்கும் 2009-க்கும் இடையில் ஆறு முறை திவால் சட்டத்தில் தஞ்சம் புகுந்தன. சட்டத்தைத் தனக்குச் சாதகமாகப் பயன்படுத்தியதாக 2015-ல் விவாத மேடையில் அவரே கூச்சமில்லாமல் சொன்னார். அதில் சட்டப்படி தப்பில்லை. ஒரே ஊர் ரத்தம், ஒரே மாதிரிச் சட்டம். ஒருவர் அதைக் கதவாகப் பார்த்தார். இன்னொருவர் அந்தக் கதவு திறந்திருந்தும் உள்ளேயே நின்று பாக்கியை எண்ணினார்.

நம் ஊரில் மட்டும் என்ன வாழ்கிறது? பெரிய கம்பெனி திவாலானால் வங்கிக்கு விழுகிற நஷ்டத்துக்கு 'ஹேர்கட்' என்று செல்லப் பெயர். முடி வெட்டுவது யாருக்கு? டெபாசிட் போட்ட உங்களுக்கும் எனக்கும், வரி கட்டுகிறவர்களுக்கும்தான்.

இன்னொன்று. அமெரிக்காவில் உணவுக் கலப்படத்துக்கு எதிராக 1906-ல் சட்டம் வந்தபோது, உணவு முதலாளிகள் பலர் குறுக்கே விழுந்து தடுத்தார்கள். ஹைன்ஸ் கம்பெனியோ சட்டம் வேண்டும் என்று ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் வரை போய்க் கேட்டது. அதில் சுயலாபமும் உண்டு. சட்டம் வந்தால் கலப்படக்காரப் போட்டியாளர்களுக்குத்தான் சிக்கல். ஆனால், 'என் தொழிலைச் சோதனை போடுங்கள்' என்று தானே கேட்கிற முதலாளியை நீங்கள் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? 'இன்ஸ்பெக்டர் தொல்லை' என்று புலம்புகிறவர்களைத்தானே நாம் பார்க்கிறோம்!

ஹைன்ஸை மாலை போட்டுச் சாமியாக்கச் சொல்லவில்லை. 1919-ல் அவர் போய்விட்டார். அந்தப் பெயரைச் சுமக்கிற கிராஃப்ட் ஹைன்ஸ் கம்பெனி, செலவு மிச்சத்தைக் கணக்கில் பொய்யாகக் காட்டியது என்ற வழக்கில், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும், 2021-ல் 6.2 கோடி டாலர் அபராதம் கட்டச் சம்மதித்தது. நேர்மை பாட்டில் லேபிளோடு ஒட்டிக்கொண்டு பரம்பரையாக வருவதில்லை.

ஆகவே வாசகர்களே, அடுத்த முறை ஒரு தொழிலதிபரின் வெற்றிக் கதை உங்கள் கைக்கு வந்தால், எத்தனை கோடி என்று பார்க்காதீர்கள். கஷ்டம் வந்தபோது யாருக்குப் பாக்கி வைத்தார், அப்புறம் திருப்பிக் கொடுத்தாரா என்று தேடுங்கள். அந்தப் பக்கம் அதில் இல்லையென்றால், அது வாழ்க்கை வரலாறு இல்லை. விளம்பரம்.