ஊசிமுனையும் உபதேசமும்

"எய்ட்ஸ்" என்ற சொல் காதில் விழுந்ததும் இரட்டைக் கையுறை தேடும் மருத்துவ மாணவர், அடுத்த படுக்கையில் இரத்தம் எடுக்க வெறுங்கை நீட்டுவதும் உண்டு. பெயர் கேட்டு வரும் அச்சம் அது. கணக்குப் பார்த்து வரும் அச்சமல்ல!

கணக்கு என்ன சொல்கிறது? எச்.ஐ.வி. உள்ளவரின் இரத்தம் தோய்ந்த ஊசி தைத்தால், 1,000 பேரில் ஏறத்தாழ 3 பேருக்குத் தொற்றும். ஹெபடைட்டிஸ் பி என்னும் கல்லீரல் நோய்க் கிருமியோ, தடுப்பூசி போடாதவர்களில் 100-க்கு 6 முதல் 30 பேரைப் பற்றும்! புலியென்று அலறி ஓடியவர், பாம்புப் புற்றின்மீது போய் அமர்ந்த கதை!

மாணவர்மீதா பழி? இல்லை, தோழர்களே, இல்லை!

1847-இல் வியன்னாவில், பிணச் சோதனையின்போது ஒரு மாணவரின் கத்தி பேராசிரியர் கொல்லெட்ஷ்காவின் விரலைக் கீறியது. அவர் மாண்டார். பிரசவ வார்டில் தாய்மாரைக் கொல்வதும் அதே நஞ்சுதான், பிணத்தைத் தொட்ட கைகளே அதைச் சுமந்து வருகின்றன என்று கண்டார் மருத்துவர் செம்மெல்வைஸ். கண்டவர், "எச்சரிக்கையாக இருங்கள்" என்று உபதேசித்து ஓய்ந்தாரா? இல்லை! குளோரின் நீரில் கைகழுவாமல் வார்டுக்குள் வரக்கூடாது என்று விதித்தார். ஏப்ரலில் 100-க்கு 18 ஆக இருந்த சாவு, ஜூனில் 2 ஆக வீழ்ந்தது. வென்றது உபதேசமல்ல, ஏற்பாடு!

இன்று? ஊசி தைத்துவிடுகிறது. மூத்தவர் ஏசுவாரே என்று மாணவி வாய்மூடுகிறாள். எச்.ஐ.வி.க்கான தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, 28 நாள் உண்ண வேண்டும். எவ்வளவு விரைவோ அவ்வளவு நன்று. மௌனம் அந்த நேரத்தைத் தின்றுவிடுகிறது!

மருத்துவக் கழிவைக் கையாளும் பணியாளருக்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போடுவது மருத்துவமனையின் கடமை என்கின்றன 2016-ஆம் ஆண்டு விதிகள். வார்டில் கால்வைக்குமுன் மாணவருக்கும் அதை முழுத் தவணையும் போடு என்கிறோம். கைக்கெட்டும் இடத்தில் ஊசிப் பெட்டி வை என்கிறோம். தைத்தது என்று சொன்னால் ஏசாதே, மருந்து கொடு என்கிறோம்.

நமக்கென்ன என்று ஆலைத் தோழர் கேட்கலாம். அந்த மாணவர்கள் யார்? நெசவாளி வீட்டு மகள். மூட்டை சுமந்தவர் பெற்ற மகன். பெட்டியில்லாமல் குப்பையில் விழும் ஊசி, மறுநாள் துப்புரவுத் தோழரின் உள்ளங்கையில் ஏறும்!

உபதேசம் போதும். பெட்டி எங்கே?